எல்லாவற்றுக்கும் ‘பறிமுதல்’ தானா?

ஆசிரியர் அவர்கட்கு,

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே ஸூம் வழியாகக் கொரியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘கொன்பிஸ்கேற்’ (பறிமுதல் செய்தல்) என்ற ஆங்கில வினைச்சொல்லில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகுதான் தங்கள் நீதிமன்றச் செய்திகளைக் கவனித்து வாசிக்கத் தொடங்கினேன்.

வகுப்பில் ஆசிரியர் போனை வாங்கி வைத்தால் கொரியப் பிள்ளைகளுக்கு அது ‘அப்சு’. விசாரணைக்கெனப் பொலிஸார் ஒரு பொருளை எடுப்பதும் அப்சுதான். நீதிமன்றம் தீர்ப்பளித்து அரசுக்கே எடுத்துவிட்டால் ‘மோல்சு’; அவர்களுடைய குற்றவியல் சட்டத்தின் 48ஆவது பிரிவு அதைப் பற்றியது. கடனுக்காக வீட்டுச் சாமான்களில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவது ‘அம்ன்யு’. அகராதியோ முதல் இரண்டுக்கும் இந்த ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொடுக்கிறது. பிள்ளைகள் ‘ஐ வோஸ் கொன்பிஸ்கேற்றட் மை போன்’ என்று எழுதுகிறார்கள். கொரிய மொழியில் பொருளை இழந்தவர்தான் எழுவாய், நாங்கள் ‘போனைப் பறிகொடுத்தேன்’ என்பதைப்போல. ஆங்கிலத்தில் போன்தான் முன்னுக்கு வரவேண்டும். இதைத் திருத்துவது எனக்குப் பெரிய வேலையில்லை.

தங்கள் பத்திரிகையில் வருவதுதான் மனதை உறுத்துகிறது. அனுமதிப்பத்திரமில்லாமல் மணல் ஏற்றிய டிப்பரைப் பொலிஸார் பிடித்து வைத்தாலும், மரம் கடத்திய வாகனத்தை நீதிமன்றம் அரசுடைமையாக்கினாலும், தவணை கட்டாத ஓட்டோவை லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போனாலும் தலைப்பு ‘பறிமுதல்’. முதலாவது, நீதிமன்றத்துக்குப் பிணை எழுதிக்கொடுக்கும் பிணைமுறியில் திரும்பி வரலாம். இரண்டாவதன் உரிமையே போய்விட்டது. மூன்றாவதில் பொலிஸும் இல்லை, நீதவானும் இல்லை.

எங்கள் அயலில் ஒரு விவசாயியின் உழவு இயந்திரம் மணலோடு பிடிபட்டது. ‘பறிமுதல்’ என்று செய்தி வந்த அன்று பின்னேரமே கடன் கொடுத்தவர் படலையில் வந்து நின்றார். விவசாயியின் தாய் பத்திரிகையை என்னிடம் கொண்டுவந்து, “இனி வராதோ ரீச்சர்?” என்று கேட்டார். வழக்கு அப்போது கூப்பிடப்படவே இல்லை. பிறகு நீதிமன்றம் பிணைமுறியில் இயந்திரத்தை விடுவித்தது. அந்தச் செய்தி எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கடன் கொடுத்தவரின் நம்பிக்கையைத் திரும்பப் பெற அந்தக் குடும்பம் மிகவும் கஷ்டப்பட்டது.

எடுத்தவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ், வழக்கு எப்போது அழைக்கப்படும் என்பதைத் தங்கள் நிருபர்கள் ஒரு வரியில் சேர்த்து எழுதட்டும். பொருள் விடுவிக்கப்பட்டால் அதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.