விஜிக்கு ஒரு டிஸ்னி புலம்பல்

அட்லாண்டா,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள விஜி,

திட்டாதே. பதில் போடாமல் இவ்வளவு நாள் இருந்ததற்கு உருப்படியான காரணம் எதுவும் கிடையாது. இங்கே ஆகஸ்ட் முதல் வாரமே பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் யாராவது காபி கேட்கிறார்கள். உன் பெண் ஆர்க்கிடெக்சர் சேர்ந்ததற்கு வாழ்த்து. அவள் சிவில் பக்கம் போகாமல் தடுத்ததே நீதான் என்று கௌரி சொன்னாள், புண்ணியமாகப் போகும். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டாரா? கௌரி அந்த வெள்ளை ஸ்கூட்டியை இன்னும் விற்கவில்லையாமே. சரிதான், வாங்குகிறவன் உயிரோடு இருக்க வேண்டாமா.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு. அம்மா அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் எல்லோருமாக ஆர்லாண்டோ போய் டிஸ்னி வேர்ல்ட் பார்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. இங்கிருந்து காரில் ஏழு மணி நேரம். அதுவரைக்கும் வீட்டில் ஒரே குரல். எங்கே தங்குவது என்று கேட்ட நிமிஷத்திலிருந்து ஆளுக்கொரு கட்சி.

இவருக்கு வாடகை வீடு. டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸிம்மி பக்கம் தனி வீடுகள் கொட்டிக் கிடக்கின்றன. நாலு படுக்கையறை, பின்னால் நீச்சல்குளம், முழுச் சமையலறை, ஒரு ராத்திரிக்கு 200 டாலர் சுற்றி. எக்ஸெல் ஷீட் போட்டுத் தலைக்கு எவ்வளவு என்று தசமப் புள்ளி வரை வைத்திருக்கிறார். அம்மாவும் அந்தக் கட்சிதான், அடுப்பு இருக்கிறதே. பையனுக்கு டிஸ்னியே வேண்டாம். 2025 மே 22-ஆம் தேதி டிஸ்னிக்குப் போட்டியான யுனிவர்சல்காரன் எபிக் யுனிவர்ஸ் என்று புதுப் பூங்கா திறந்துவிட்டான், அங்கே தங்க வேண்டுமாம். அவர்களுடைய மூன்று பெரிய ஹோட்டல்களில் தங்கினால் வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம் என்று எனக்கே பாடம் எடுத்தான். அந்தச் சலுகை பழைய இரண்டு பூங்காக்களுக்குத்தான், எபிக்குக் கிடையாது என்று நான் காட்டியதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். சின்னதற்கு நீச்சல்குளம் இருந்தால் போதும், அது குப்பைமேட்டுக்கு நடுவில் இருந்தாலும் சரி. அப்பா எதுவும் பேசவில்லை. விலையை மட்டும் ரூபாயில் மாற்றிச் சொல்லச் சொல்கிறார். சொன்னால் எழுந்து போய் மாடியில் துணி மடிக்கிறார்.

நான் என்ன சொல்கிறேன் என்று கேள். நீதான் இதைக் கேட்க வேண்டும், இங்கே எல்லோரும் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

டிஸ்னி வேர்ல்ட் என்றால் ஒரு பூங்கா என்று நினைத்துக்கொண்டிருப்பாய், நானும் அப்படித்தான் இருந்தேன். நாலு பெரிய பூங்கா, இரண்டு தண்ணீர்ப் பூங்கா, இருபதுக்கு மேல் ஹோட்டல். மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். 2011-க்கு முன் உங்கள் கோவை மாநகராட்சி எல்லை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. சிங்காநல்லூரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் வடவள்ளிக்குப் போய் வந்தால் எப்படி இருக்கும்? கிஸிம்மி அந்த எல்லைக்கும் வெளியே. அதிலும் அந்த நாலு பூங்காவில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்கு வெளியிலிருந்து காரில் போகிறவன் வாசலில் போய் இறங்க முடியாது. பெரிய பார்க்கிங்கில் வண்டியை விட வேண்டும், அதற்குத் தினமும் தனிக்காசு. பிறகு பரிசோதனை. பிறகு மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைத் தாண்டினால்தான் டிக்கெட் வாசல். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அவர்கள் பஸ் நேரே வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. காரில் போனாலும் பூங்காக்களில் பார்க்கிங் காசு இல்லை. தினமும் அரை மணி நேரம் முன்னாலேயே உள்ளே விடுகிறார்கள். வரிசை தாண்டும் பாஸைப் பணம் கட்டி வாங்குவதற்கும் ஏழு நாள் முன்னாலேயே அனுமதி, வெளியே தங்குகிறவனுக்கு மூன்று நாள்தான். இவர் ஷீட்டில் இதற்கெல்லாம் ஒரு கட்டமும் இல்லை.

போன தடவை நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம், சின்னது அப்போது கைக்குழந்தை. படத்தில் பார்த்த வீடு அதுதான், குறை சொல்ல முடியாது. ஒரு கழிவறையில் தண்ணீர் நிற்கவில்லை, குளத்துத் தண்ணீரைச் சூடாக்கத் தனிக்காசு என்றார்கள், அதுகூடப் போகட்டும். மத்தியானம் இரண்டு மணிதான் கொடுமை. வெயில் உச்சியில். குழந்தைக்குத் தூக்கம், அழுகை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வைத்துவிட்டு வரலாமா என்றால் படகு, பார்க்கிங், ரோடு, திரும்ப ரோடு, பார்க்கிங், படகு. அதில் பாதி நாள் போய்விடும். ஒரு கடையின் பின்பக்கச் சுவரோரம் துளி நிழலில் ஸ்ட்ரோலரை நிறுத்தி, மேலே என் துப்பட்டாவைப் போட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். எதிரே ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் அதே மாதிரி தரையில், அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். (வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. புளியோதரை சமாச்சாரம் எல்லாம் தாராளமாக நடக்கும்.)

அந்த இரண்டு மணியை வைத்துத்தான் நான் இந்தத் தடவை அறை தேடுகிறேன். காலையில் எல்லோரும் சிங்கம்தான். மத்தியானம் யார் முதலில் உட்காருகிறார்களோ அவர்கள் கால் நீட்டிப் படுக்கிற இடம் எவ்வளவு தூரம், அவ்வளவுதான் கேள்வி.

நடுவில் ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மேஜிக் கிங்டத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் கன்டெம்பரரி என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. 1971 அக்டோபரில் பூங்காவோடு சேர்ந்தே திறந்தது. இரும்புச் சட்டத்தைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்து நிறுத்திவிட்டு, அறைகளை வேறு இடத்தில் குளியலறை உட்பட முழுசாகச் செய்து லாரியில் கொண்டுவந்து கிரேனால் தூக்கி உள்ளே செருகியிருக்கிறார்கள். கட்டியது யு.எஸ். ஸ்டீல். மோனோரயில் கட்டடத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது. நம்ம பல்லி சார் மூன்றாம் வருஷம், இப்படி முன்னமே செய்து பொருத்துகிற ப்ரீஃபேப் கட்டடம் நடத்தும்போது இதைச் சொல்லியிருந்தால் நானும் ஒரு கிளாஸாவது முழித்திருப்பேன். இன்னும் கேள்: மேஜிக் கிங்டத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் சுரங்கம் தோண்ட முடியாது. அதனால் ஊழியர்கள் போகிற சுரங்கப்பாதையைத் தரைமட்டத்தில் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டிச் சுற்றி நிரப்பி, பூங்காவை அதற்கு மேல் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் நடப்பது முதல் மாடியில்! கன்டெம்பரரியில் ஒரு ராத்திரி வாடகை எவ்வளவு என்று பார்த்தேன். பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

இப்போது கேலியை நிறுத்துகிறேன்.

போன வாரம் எல்லோரையும் இங்கே அக்வேரியத்துக்குக் கூட்டிப்போனேன். திமிங்கிலச் சுறா இருக்கிற பெரிய தொட்டிக்கு முன்னால் அம்மா உட்கார்ந்தாள். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கியே இருக்கேன், பையெல்லாம் குடுத்துட்டுப் போங்க" என்றாள். மீன் பார்க்கப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கிளம்பும்போது கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், உள்ளே ஏறக் கால் வரவில்லை. முட்டி இரண்டும் அவ்வளவு தேய்ந்திருக்கிறது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்காவுக்கு நாம் எல்லோரும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நம் செருப்பு, கைப்பை, ஈரத்துண்டு எல்லாவற்றையும் சிமென்ட் பெஞ்சில் அடுக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அம்மா காவல் இருந்தாள். பொருட்காட்சியிலும் ஊட்டியிலும் அதேதான். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்." அப்போது அவளுக்கு முட்டி நன்றாகத்தான் இருந்தது, விஜி. வா என்று நாம் யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இப்போது இழுக்கலாம் என்றால் கால் இல்லை. கிஸிம்மி வீட்டில் அடுப்பு இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் காலையில் "நான் வீட்டிலேயே இருந்து சமைச்சு வெக்கறேன், நீங்க வந்து சூடா சாப்பிடுங்க" என்பாள். நாங்களும் சரி என்று போய்விடுவோம். இவரிடம் இதைச் சொன்னேன். ஷீட்டை மூடிவிட்டார், பாவம், நல்ல மனுஷன்.

ஆக, அடுப்பு இல்லாத இடம். டிஸ்னியிலேயே ஃபோர்ட் வில்டர்னஸ் என்று காட்டுக்குள் குடில்கள் இருக்கின்றன, ஆறு பேர் தங்கலாம், முழுச் சமையலறை. அதை அம்மா கண்ணில் காட்டவே இல்லை. குளியலறையும் ஒன்றுதான்.

கடைசியில் இரண்டு நிற்கின்றன. ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்கிற ஹோட்டலில் ஃபேமிலி சூட்: ஆறு பேர், இரண்டு குளியலறை, மைக்ரோவேவ், குட்டி ஃப்ரிட்ஜ். மீன், சிங்கம், கார் என்று ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் ஒரு பகுதி, சின்னது படத்தைப் பார்த்தே கத்துகிறது. வாடகை 500 டாலருக்கு மேலேயே நிற்கிறது. அதற்கு எதிரே சின்ன ஏரிக்கு அந்தப் பக்கம் பாப் சென்சுரி. அங்கே சூட் இல்லை, நாலு பேர் அறைதான். ஆனால் உள்கதவு வைத்த இரண்டு அறை எடுத்தால் சில நாட்களில் சூட்டைவிடக் குறைவாக வருகிறது. மைக்ரோவேவ் அறையில் கிடையாது, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது. போகட்டும். அப்பா எட்டரைக்கு விளக்கை அணைத்துக் குறட்டை விடலாம், நடுவில் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

இரண்டு ஹோட்டலுக்கும் நடுவில், ஏரிப் பாலத்தின் மேல் ஸ்கைலைனர் நிலையம். 2019-இல் விட்ட ரோப் கார் அது. ஒரு இடத்தில் மாறி ஏறினால் எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் வந்துவிடும். பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம், படி ஏற வேண்டாம். சக்கர நாற்காலிக்குத் தனியாக நின்று ஏற்றுகிற இடமும் உண்டு. மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், மற்ற இரண்டு பூங்காவுக்கும் பஸ்தான். அம்மாவிடம் காட்டினேன். "பழனி ரோப் கார் மாதிரியா?" என்றாள். "அதேதான், மேலே முருகன் மட்டும் இல்லை" என்றேன். அப்பா துணி மடிப்பதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பெட்டிக்கு எத்தனை பேர், கம்பி எத்தனை இன்ச் என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவுக்கு ஒட்டகச்சிவிங்கி ஆசை ஒன்று இருக்கிறது. அனிமல் கிங்டம் லாட்ஜில் பால்கனிக்கு எதிரேயே மேய்கின்றன, ஆனால் அந்த பால்கனிக்கு நம் வீட்டுக் கூரையை விற்க வேண்டும். அங்கே சனா என்று ஒரு உணவகம், தங்காதவர்களும் போகலாம். நான் ரொட்டி, வெங்காய குல்ச்சா, பனீர் பராத்தா, தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, புளிச்சட்னி, ஊறுகாய் என்று ஒன்பது கிண்ணம். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை. ஒரு மத்தியானம் அங்கே என்று எழுதி வைத்துவிட்டேன்.

பாப் சென்சுரிதான் என்று முக்கால்வாசி முடிவு. உன்னிடம் ஒரு வேலை பாக்கி. பூங்காவில் சக்கர நாற்காலி வாடகைக்குத் தருகிறார்கள், ஆனால் அது அந்த வாசலோடு சரி, ஹோட்டலுக்கு எடுத்து வர முடியாது. ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருகிற வெளி ஆட்களிடம் மொத்த நாளுக்கும் சொல்லிவிட வேண்டும். நான் பேச்செடுத்தாலே அம்மா, "என்னை நோயாளி ஆக்காதே" என்கிறாள். என் பேச்சு எடுபடாது, உன்னுடையது எடுபடும், எப்போதுமே அப்படித்தானே. ஞாயிற்றுக்கிழமை உன் காலை ஏழு மணிக்குக் கூப்பிடு, இங்கே சனி ராத்திரி, சாப்பிட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பாள். முட்டி எப்படி இருக்கு என்று தயவுசெய்து ஆரம்பிக்காதே. உன் மாமியார் திருப்பதியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனாரே, அந்தக் கதையைச் சொல்லு, கொஞ்சம் கூட்டியே சொல்லு. நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று தெரிந்தால் போச்சு. அவள் சரி என்றால் ஒரு வரி அனுப்பு, அன்றைக்கே அறையைப் போட்டுவிடுகிறேன், விலை தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
உன் சுதா

பின்குறிப்பு: ஊட்டி டார்மிட்டரி பக்கெட் கதையை உன் பெண்ணிடம் சொல்லிவிட்டாயாமே. கௌரி எல்லாம் சொன்னாள். நேரில் வா, கவனித்துக்கொள்கிறேன்.