லோண்டரி அண்ணைக்கும் மற்ற எல்லாருக்கும்

வெள்ளத் தண்ணீர் வடிந்துவிட்டது. நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. உழவு இயந்திரத்தில் எங்களை ஏற்றி வந்த தம்பிமார், பள்ளிக்கூடத்தில் இரவிரவாகச் சமைத்த அம்மாக்கள், கூத்து மத்தளத்தையும் சல்லாரித் தாளத்தையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்த பொடியன்கள் எல்லாருக்கும் நன்றி. பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் முல்லைத்தீவு முள்ளியவளையில் உடுப்பு அழுத்தும் லோண்டரி வைத்திருக்கும் அண்ணையைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். அப்பப்பா எழுதிய கோவலன் கூத்துக் கொப்பி நனைந்து ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. "தாங்கோ பாப்பம்" என்று வாங்கினார். பள்ளிக்கூடச் சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, வெள்ளைச் சீலைக்கு நடுவில் வைத்து, கரி ஸ்திரிக்கைப் பெட்டியின் சூட்டை ஆறவிட்டு ஆறவிட்டு அழுத்தினார். பென்சிலில் இருந்த ஆட்டக் குறிப்புகள் அப்படியே இருந்தன. மைப்பேனையால் எழுதிய தருக்களில், அதாவது கூத்துப் பாட்டுகளில், பாதி கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. கண்ணகி கதை தெரியும், முல்லைத்தீவுப் பாணியில் ஆடும் எங்கள் முல்லைமோடிக் கூத்தைப் பார்த்ததில்லையாம். தட்டான் பொய் சொல்லும் தாளை வாசித்துவிட்டு, "அதுக்குக் கோவலன் என்ன பாடுவான், தங்கச்சி?" என்று கேட்டார். அடுத்த தாளில் எழுத்தே இல்லை. நினைவிலிருந்து பாடினேன். இரண்டாவது அடி வரவில்லை. அதே மெட்டில் வாயில் வந்ததைக் கட்டிப் பாடிவிட்டேன். சட்டை எடுக்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். அது அப்பப்பாவின் அடி இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சின்ன வயதில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிந்ததைப் பார்த்தபோது இப்படி வாயடைத்து நின்றிருக்கிறேன். எப்படி எரிகிறது என்று கேட்க இன்றுவரை மனம் வந்ததில்லை. கூத்து மேல் பைத்தியம் பிடித்தது அந்த வைகாசியில்தான். ஆனால் நானே ஒரு தரு கட்டலாம் என்ற துணிச்சல் கரி மணக்கும் அந்தக் கடையில்தான் வந்தது.

அழிந்த இடங்களை இனி நான் எழுதி நிரப்பப் போகிறேன். அப்பப்பாவின் எழுத்தோடு கலந்துவிடாமல் வேறு நிற மையில். காசு நீட்டியதற்கு அண்ணை கையை ஆட்டி மறுத்துவிட்டார். அடுத்த முறை கூத்தாட வட்டக்களரி போடும்போது முன்வரிசையில் அவர் குடும்பத்துக்குப் பாய் விரிக்கவேண்டும் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.