கணினி முடங்கினால் கையால் இயக்க ஆள் இருக்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளை இணையத் தாக்குதலிலிருந்து காப்பது பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். அதன் கவலை நியாயமானது. எனினும், கடலூர் மாவட்டத்தில் மின்வாரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். புயல், வெள்ளத்துக்கு ஓர் அலுவலகமும் இணையத் தாக்குதலுக்கு வேறோர் அலுவலகமும் தனித்தனியே திட்டம் தீட்டுகின்றன. துணை மின் நிலையத்தில் நிற்பவருக்கோ இரண்டும் ஒன்றுதான்: திரை அணைந்துவிட்டது, மின்சாரத்தை எப்படியாவது திரும்பக் கொடுத்தாக வேண்டும்.

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்ததை நம் மின்துறையினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மூன்று மின் விநியோக நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளுக்குள் பல மாதங்களுக்கு முன்பே போலி மின்னஞ்சல் வழியாகப் புகுந்திருந்தவர்கள், அன்று மாலை தொலைவிலிருந்தபடியே பிரேக்கர்களை, அதாவது மின்பாதையை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் பெரிய விசைகளை, ஒவ்வொன்றாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தனர். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தங்கள் திரையில் சுட்டி தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. ஏறத்தாழ 2.25 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. அத்துடன் விடாமல், துணை மின் நிலையங்களின் தகவல் தொடர்புக் கருவிகளில் இருந்த மென்பொருளை அழித்தனர். புகார் மையத்துக்குப் போலி அழைப்புகளைக் குவித்து, மக்கள் தொடர்புகொள்ள முடியாமல் செய்தனர். இவ்வளவுக்குப் பிறகும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு நேரில் சென்று பிரேக்கர்களைக் கையால் மூடி மின்பாதையை மீண்டும் இணைத்ததே ஆகும். தானியங்கிக் கட்டுப்பாடு பழைய நிலைக்கு வர அதன்பின் பல மாதங்கள் பிடித்தன.

நம் பகுதிக்கு இந்தப் பாடம் வேறு வழியாக ஏற்கெனவே வந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்து சாலைகளை அடைத்தன. கைப்பேசிக் கோபுரங்களும் பேட்டரி தீர்ந்தவுடன் ஓய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்களுக்கு எந்த மின்பாதை எங்கே போகிறது என்று காட்டியவர்கள், அந்தந்தப் பிரிவின் லைன்மேன்களும் வயர்மேன்களும்தான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. துணை மின் நிலையங்களில் நீர் சூழ்ந்து மின்தடை நீண்டது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர், தென்பெண்ணையில் கடலூர் வரை வெள்ளமாக வந்தது. இத்தகைய ஒரு நாளில் ஒருவன் கணினி வழியாகவும் கைவைத்தால் என்னாகும்? தாக்க நினைப்பவன் நாம் தடுமாறும் நாளைத்தான் தேர்ந்தெடுப்பான்.

சட்டத்தில் குறையிருப்பதாக நான் சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஏ பிரிவின்கீழ் முக்கியத் தகவல் கட்டமைப்புகளைக் காக்கத் தேசிய அளவில் ஒரு மையம் 2014 முதல் இருக்கிறது. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, இணையத் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022இல் ஆணையிட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்திருக்கிறது. இவை ஒரே மேசையில் அமர்ந்து ஒத்திகை பார்ப்பதுதான் அரிதாக இருக்கிறது. 2019இல் கூடங்குளத்தில் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருந்ததை முதலில் மறுத்து, மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றார்கள். அந்தப் பிரிவினை நல்லதே. ஆனால் தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கக்கூடிய ஸ்மார்ட் மீட்டர்கள் வீட்டுக்கு வீடு வரும்போது, அப்படித் தனியே பிரித்து வைப்பது முன்புபோல் எளிதல்ல. (மீட்டர் கட்டணத்தைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பத்தில் ஒரு பங்காவது இதைப் பற்றி நடக்கலாம்.)

தானியங்கிமயத்தை நான் எதிர்ப்பவனல்லன்; பழுதைக் கண்டறியும் நேரத்தை அது வெகுவாகக் குறைக்கிறது. தானியங்கி வந்துவிட்டது என்பதற்காகப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதுதான் ஆபத்து. பிரேக்கரை நேரில் நின்று இயக்கிப் பழகாத ஒருவரிடம், முதன்முதலாக அதை நள்ளிரவு மழையில் செய்யச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் ஒன்றைச் சேர்க்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு துணை மின் நிலையத்தையும் ஒரு குடிநீரேற்று நிலையத்தையும் தேர்ந்தெடுத்து, கணினிக் கட்டுப்பாடும் கைப்பேசியும் இல்லை என்று வைத்துக்கொண்டு, சில மணி நேரம் வயர்லெஸ் கருவியையும் அச்சிட்ட மின்பாதை வரைபடத்தையும் மட்டும் கொண்டு இயக்கிப் பார்க்கட்டும். அந்த வரைபடம் இன்றைய நிலவரப்படி திருத்தப்பட்டிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரையும் கடலூரையும் பிரிப்பது நிர்வாக எல்லை மட்டுமே என்பதால், புதுச்சேரி மின்துறையையும் அந்த ஒத்திகைக்கு அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.