எறா ஏத்துமதிக்கு வரி மட்டும்தான் தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஐரோப்பிய யூனியன் பெருசானா மார்க்கெட்டும் பெருசாகும், வரி குறைஞ்சா நம்ம சரக்கு கிடுகிடுன்னு போகும்னு எழுதறாங்க. மண்ணடியில சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் வேலை பாக்குற கிளியரிங் ஆபீஸ்ல இருக்கற எனக்கு அப்படி தோணல சார். 2007ல ருமேனியா யூனியனுக்கு உள்ள போச்சு, ஆத்துக்கு இந்தப் பக்கம் யூனியனுக்கு வெளிய இருக்கற மால்டோவா நாட்டுக்காரன் அங்க சரக்கு அனுப்ப அதுவரைக்கும் ருமேனியா ரூல மட்டும் பாத்தா போதும், அன்னியிலேர்ந்து யூனியன் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் ரூல், பாலோ கறியோ அனுப்பணும்னா அவன் நாடும் யூனியன் அனுமதிச்ச லிஸ்ட்ல இருக்கணும், கம்பெனியும் லிஸ்ட்ல இருக்கணும். வரியெல்லாம் அப்புறம்தான்.

நாம பக்கத்து நாடு இல்லதான், ஆனா அடி நமக்கும் விழுது. 2014 மே மாசம் பழ ஈ மாதிரி பூச்சி இருக்குன்னு நம்ம மாம்பழம், பாகற்காய், கத்திரிக்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்துனாங்களே, அது ஒரு நாட்டு கதவு இல்ல, அப்ப இருந்த 28 நாட்டு கதவும் ஒண்ணா மூடிச்சு. மாம்பழத்துக்கு 2015 ஜனவரியில தான் வழி விட்டாங்க, அதுக்குள்ள ஒரு சீசன் போயே போச்சு.

இப்ப எறா கதைக்கு வரேன். பண்ணை எறாவுல குளோராம்ஃபெனிகால்ங்கற ஆன்டிபயாட்டிக் மாதிரி மருந்து இருக்கான்னு பாக்கறதுக்கு ஐரோப்பாவுல போய் இறங்குற நம்ம லோடுல 10 சதவீதம் டெஸ்டுக்கு எடுத்துட்டு இருந்தவங்க 2016ல அத 50 ஆக்கிட்டாங்க. இப்ப குளோராம்ஃபெனிகாலுக்கு தாண்டக்கூடாத அளவு ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன் எறாவுல 0.15 மில்லிகிராம்தான். ரிசல்ட் வர்ற வரைக்கும் ரீஃபர்னு சொல்ற குளிர்சாதன கன்டெய்னர் கரன்ட்ல தான் நிக்கணும், அதுக்கு தினம் ப்ளக்-இன் சார்ஜ் ஏறிட்டே இருக்கும், ஃபெயில் ஆச்சுன்னா திரும்பி வர்ற ஃப்ரெய்ட்டும் நம்ம தலையில. எக்ஸ்போர்ட்டர் அந்த நஷ்டத்த அடுத்த லோடு ரேட்ல கழிச்சுக்குவாரு, யார் கிட்டன்னு கேக்கறீங்களா, பொன்னேரி, பழவேற்காடு பக்கம் குளம் வெட்டி வச்சிருக்கறவர் கிட்டதான்.

மருந்து போட்டாருன்னு அந்த குளத்துக்காரர மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல. எறா சாவுதுன்னு ராத்திரி பதறி ஓடினா கடைக்காரன் ஒரு டப்பாவ குடுப்பான், உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதியே இருக்காது. பிடிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ற ஏற்பாடு இருக்கு சரி, ஆனா அதுக்குள்ள மருந்து குளத்துக்குள்ள போயிருக்குமே. டெல்லியில வரி பேசறவங்க பேசட்டும், இங்க மாவட்டத்துல அந்த மருந்து கடைங்கள யாராவது போய் செக் பண்றாங்களான்னு உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி விசாரிச்சு எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ராயபுரம் வாசகர்