ஒரு சொட்டு ரத்தமும் ஒரு பொறியாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 28 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் நவகாந்த பட் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

என் அண்ணனுக்குச் சர்க்கரை. டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே சோற்றைக் குறைத்துக்கொள்வார். விரலில் குத்திப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. கால் வீங்கிய பிறகுதான் சிறுநீரகம் கெட்டுப்போனது தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தச் சோதனையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனையும் வருடம் ஒருமுறை எடுத்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். நான் வேலை பார்த்த இடத்தில் அப்போது இரண்டும் கிடையாது. இன்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு முதல் பஸ் ஏறுகிறார்.

பட், சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற நுண்ணிய மின்னணு உறுப்புகளைப் பற்றிப் படித்தவர். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம், மோட்டரோலாவில் வேலை, அப்புறம் 1999-இல் பெங்களூரு. சிப்புக்குள் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பழகியவர், அதே அறிவை ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் கொண்டுவந்தார். சோதனைப் பட்டையில் (ஸ்ட்ரிப்) பூசிய ரசாயனம் ஆல்புமினோடு சேர்ந்ததும் மின்னோட்டம் மாறும். கருவி அதை எண்ணாகக் காட்டும். அவர் தொடங்கிய பாத்ஷோத் நிறுவனத்தின் கருவி கைக்குள் அடங்கும். எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், சிறுநீர் ஆல்புமின் எல்லாம் அதிலேயே பார்க்கலாம். 2018-இல் இன்ஃபோசிஸ் விருதும் பெற்றார். கரண்ட் போன இரவுகளில் சோதனை கிட் கெடாமல் இருக்க தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். நல்ல வேலை. அவர்கள் கொண்டுவரும் பையில் ஆல்புமின் பார்க்கும் கருவியும் இருக்க வேண்டும். இந்த நிறுவனத்தின் கருவிதான் வேண்டும் என்றில்லை. பெரிய லேப் முடிவோடு ஒப்பிட்டு, சரியாக இருப்பதை வாங்கட்டும்.

பேராசிரியரைப் பேட்டி எடுத்தால், பட்டை ஒன்று என்ன விலை, சித்திரை வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கிருஷ்ணகிரி.