பட்டறை அண்ணன் கேட்ட கேள்வி

பட்டறை அண்ணனுக்கும், தோப்புக்கார ஐயாவுக்கும், ஆடு மேய்க்கும் அப்பத்தாவுக்கும், ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே எழுந்து வரும் எல்லாருக்கும் வணக்கம்.

அப்பன்திருப்பதிக்குப் பக்கத்துத் தோப்பில் நம்முடைய ஒன்பது கூடைகளையும் நட்டு இந்த மாதத்தோடு ஒரு வருசம் ஆகிறது. கேக் வெட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. யார் யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறேன் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பெரிய பாக்கி காசு இல்லை, ஒரு கேள்வி. முதல் கூடையைப் பற்றவைத்து முடித்த அன்று பட்டறை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, தட்டை எறிஞ்சு சங்கிலியில மாட்டுறதுல அப்படி என்ன சுகம் இருக்கு?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு, முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆட்டத்தின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் பந்தைக் குச்சியால் அடித்துக் குழிக்குள் தள்ளுவார்கள் அல்லவா, இங்கே பந்துக்குப் பதில் ஃபிரிஸ்பீ மாதிரி பறக்கும் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. தட்டு விழுந்த இடத்தில் நின்று அடுத்த எறி. குறைந்த எறியில் முடித்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான். தம்பி மனைவியின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் சார்லட் நகரத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தபோது, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவில் நடப்பேன். மரத்துக்கு நடுவே எங்கிருந்தோ 'சலங்' என்று ஒரு சத்தம் வரும். சத்தத்தைத் தேடிப் போய்த்தான் இந்த ஆட்டத்தில் விழுந்தேன். திரும்பி வரும்போது பெட்டியில் எட்டுத் தட்டு. சேலைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். தம்பிக்கும் நன்றி, எடை கூடிவிட்டது என்று அவன் சட்டைகளைத்தான் வெளியே எடுத்தோம்.

இங்கே வந்து இடம் தேடியது தனிக் கதை. ஒரு பெரிய மைதானத்தில் இரண்டு நாள் எறிந்து பார்த்தோம், மூன்றாம் நாள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எந்த மைதானம் என்பது இப்போது எதற்கு. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் தோப்புக்கார ஐயாவைப் பார்த்திருக்க மாட்டேன். "புல்லு வெட்டணுமா? தண்ணி பாய்ச்சணுமா? மரத்தை எடுக்கணுமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் வேண்டாம் என்றேன். மரம் இருந்தால்தான் ஆட்டமே. "அப்ப ஆடிக்கங்க" என்றார். ஒரே நிபந்தனை, மா பூ எடுத்ததிலிருந்து காய் இறங்கும்வரை மாமரத்துப் பக்கம் தட்டு போகக் கூடாது. அந்த மாதங்களில் பனைமரத்து ஓரம் இருக்கும் நாலு கூடையில் மட்டும் சுற்றிச் சுற்றி ஆடினோம். சித்திரையில் அழகர் மதுரைக்கு வரும் நாட்களில் அதுவும் இல்லை. தோப்பு முழுக்க வண்டியும் ஜனமும். ஆறாவது கூடையில் யாரோ ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

கூடையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் நகராது. போனில் இருந்த ஒரு போட்டோவை வைத்து, அளவு இல்லாமல், அண்ணன் செய்தார். நடுவில் ஒன்றரை அங்குலக் குழாய். மேல் வளையத்துக்குப் பழைய சைக்கிள் ரிம். கீழே கம்பியை வளைத்துப் பற்றவைத்த தட்டம். சங்கிலிதான் கழுத்தறுத்தது. முதலில் ஊஞ்சல் சங்கிலியை வாங்கி, மேலும் கீழும் விறைப்பாகக் கட்டினோம். பார்க்க அம்சமாக இருந்தது. எறிந்தால் தட்டு சுவரில் பட்ட மாதிரி தெறித்து நம் காலடிக்கே வந்தது. அண்ணன் ஒரு டீ குடிக்கும் நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எதுவும் சொல்லாமல் எழுந்து போய், மெல்லிசான நாய்ச் சங்கிலியாகப் பன்னிரண்டு முழம் வாங்கி வந்து, தொளதொளவென்று இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டார். வெளி அடுக்கு தட்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உள் அடுக்கு அது குழாயில் மோதித் தெறிக்காமல் பிடித்துத் தட்டத்தில் போடும். அமெரிக்காவில் பட்டறை போட்டுச் செய்கிற கூடைகளிலும் இதே சூட்சுமம்தான். அதை அண்ணன் எங்கும் படிக்கவில்லை, தட்டு தெறித்த தெறிப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

இந்தச் சங்கிலிக் கூடையை முதலில் செய்தவர் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர். 1975ல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். ஆரம்பத்தில் அங்கே வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று ஒரே தகராறு. நம்ம ஊரில் கிட்டிப்புள்ளில் வராத தகராறா? அதை ஒழிக்கத்தான் சங்கிலியும் தட்டமும் வந்தன. 2002ல் அவர் இறந்த பிறகு, அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். இதை நான் சொன்னதும் தோப்புக்கார ஐயா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "ராமேஸ்வரத்துல கரைக்காம தட்டுல கரைச்சுட்டாய்ங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு என் தட்டு எதையும் அவர் தொடவே இல்லை.

அப்பத்தா கதை இதைவிட மேல். ஆடு பத்திக்கொண்டு அந்த வழியாக வந்தவர், கம்பமும் தொங்கும் சங்கிலியும் கண்டு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சங்கிலிக் கருப்பனை நட்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொன்னோம். "இருக்கட்டும், எதுக்கும்" என்று இன்றைக்கும் முதல் கூடையைத் தாண்டும்போது செருப்பு கையில்தான். முள்ளுக்காட்டுக்குள் போன தட்டை யாரைவிடவும் சீக்கிரம் கண்டுபிடிப்பவர் அவர்தான். சீமைக்கருவேலத்துக்குள் நாங்கள் நாலு பேர் குனிந்து கிடப்போம், அவர் நின்ற இடத்திலிருந்தே கம்பை நீட்டிக் காட்டுவார். அவருடைய ஆடுகள் நடுவில் வந்தால் நாங்கள் எறிவதில்லை. யாராவது குறுக்கே போனால் "தட்டேய்!" என்று கத்துவது எங்கள் சட்டம். வெளிநாட்டில் வேறு வார்த்தை கத்துவார்கள், நமக்கு இது போதும்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

வந்தவர்கள் எல்லாரையும் கேட்டேன். ரிட்டையர் ஆன கண்டக்டர் மாமாவுக்கு முழங்கால் வலி. நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னபோது நடக்காதவர், இங்கே ஒன்பது கூடையையும் இரண்டு சுற்று நடக்கிறார். கூடைகளை ஸ்டேஜ் என்றுதான் சொல்வார். "மூணாவது ஸ்டேஜ் வந்துருச்சு, எல்லாம் இறங்குங்க." அவருடைய பேத்தி பத்து வயசுக்காரி. கூடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பலம் வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும் என்பதால் தாத்தாவைச் சுலபமாகத் தோற்கடிக்கிறாள். அவளுக்கு அதுதான் சுகம். அவருக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். இரவு டூட்டி முடித்து நேரே வரும் நர்ஸ் அக்கா ஆடவே மாட்டார். முதல் கூடைக்கு முன் பத்தடியில் நின்று பத்துத் தட்டு போடுவார், சத்தத்தைக் கேட்பார், வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார். புளியமரத்தில் சிக்கிய தட்டை ஏறி எடுக்கும் பையனைக் கேட்டால், தட்டுக்கு ஒரு பரோட்டா என்ற கணக்கைத்தான் சொல்வான். (தம்பி, போன மாத பாக்கி ஏழு. மறக்கவில்லை.)

எனக்கு என்ன சுகம்? மூன்றாவது கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்துக்கும் கூடைக்கும் நேர் நடுவில் ஒட்டு மாமரம் ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. நேராக எறிந்தால் கிளைதான். வலது கைக்காரர், தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து விட்டால், மேலிருந்து பார்க்க அது கடிகார முள் மாதிரி சுழலும். வேகம் இருக்கும்வரை நேராகப் போகும், தட்டைப் பொறுத்து வலது பக்கம்கூடச் சாயும். வேகம் தணிந்ததும் இடது பக்கம் சரிந்து இறங்கும். அதனால் மரத்துக்கு வலது புறமாக, கூடை இல்லாத வெட்டவெளியைப் பார்த்து எறிய வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தப்பாகத்தான் தெரியும். தட்டு மரத்தைத் தாண்டும், ஒரு கணம் யோசிக்கிற மாதிரி மிதக்கும், அப்புறம் பின்பக்கமாக வளைந்து கண்ணுக்கு மறையும். சின்ன வயசில் கண்மாயில் ஓட்டுச்சில்லைச் சாய்த்து எறிந்து தண்ணீர் மேல் தத்த விட்டவர்களுக்கு அந்தச் சாய்வு கையில் ஏற்கெனவே இருக்கிறது. தோப்புக்கார ஐயா அந்தக் காலத்து எறி ஆயுதமான வளரியைச் சொல்வார், சிவகங்கைச் சீமை ஞாபகம் அவருக்கு.

காற்று வேறு. ஆடி மாதம் மேற்கே இருந்து அடிக்கிற அடியில், எதிர்காற்றில் விட்ட தட்டு மேலே தூக்கி வலது பக்கம் புரண்டுவிடும். பின்காற்று அதை அமுக்கித் தரையில் போடும். ஏழாவது கூடை மேற்குப் பார்த்தது. ஆடியில் அதில் எட்டு எறிக்குக் குறைந்து நான் முடித்ததில்லை. ஒரு தட்டு பெரியாறு வாய்க்கால்வரைக்கும் போனது. மிதக்கும் என்று ஓடிப் போய்ப் பார்த்தோம். கல் மாதிரி முங்கிவிட்டது.

அண்ணே, தட்டு கையை விட்ட பிறகு சங்கிலி சத்தம் வரும்வரை மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடி என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. கடையில் ஜெராக்ஸ் மிஷின் நின்றால் நான்தான் ஓட வேண்டும், வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் நான்தான் ஓட வேண்டும். இங்கே ஓட முடியாது. ஓடினாலும் தட்டு திரும்பாது. நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். மரத்துக்குப் பின்னால் என்ன ஆனது என்று தெரியாமல், காதை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பேன். பெரும்பாலும் சருகில் 'சொத்' என்று விழும். என்றைக்காவது 'சலங்'. அந்தச் சத்தம் நீங்கள் தேடி வாங்கிய நாய்ச் சங்கிலியின் சத்தம். ஊஞ்சல் சங்கிலியை அப்படியே விட்டிருந்தால் இது வந்திருக்காது.

தேநீர்க்கடை அண்ணாச்சி, ஞாயிறு காலை எங்களுக்காக அரை மணி முன்னால் பாய்லரைப் பற்றவைக்கிறீர்கள், நன்றி. முள் குத்திய கால்களுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்த தோப்பு வீட்டு அம்மாவுக்கும் நன்றி. ஸ்கோரை நோட்டில் எழுதிவரும் காலேஜ் பெண்ணுக்கும் நன்றி. நடுவர் கிடையாத ஆட்டம் இது, அவரவர் எறியை அவரவரே சொல்ல வேண்டும். கண்டக்டர் மாமா ஒருமுறை ஐந்தை நாலு என்று சொன்னதை அவள் நாலு என்றே எழுதிக்கொண்டாள், அடுத்த வாரம் அவரே வந்து திருத்தினார்.

பட்டறை அண்ணே, ஒன்பது கூடை செய்து கொடுத்த நீங்கள் இன்னும் ஒரு தட்டுகூட எறியவில்லை. வருகிற ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு வாங்க. முனை மழுங்கிய மஞ்சள் தட்டு ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், கையில் சுலபமாக நிற்கும். வரும்போது கட்டிங் பிளேயரையும் எடுத்து வாங்க. ஆறாவது கூடையில் உள் அடுக்குச் சங்கிலி ஒன்று கழன்று தொங்குகிறது.