பினாங்கில் நெட்வொர்க் வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பட்டர்வொர்த்திலும் பிறையிலும் தீவுப் பக்கத்திலும் நம் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நெட்வொர்க், சைபர் பாதுகாப்பு வகுப்பு நடத்தும் சங்கத்தினருக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

குறைந்த கட்டணத்தில், சில இடங்களில் கட்டணமே வாங்காமல், இதைச் செய்கிறீர்கள். அதனால் குறை சொல்லத் தயக்கம்தான். ஆனாலும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க் பிரிவில் இருப்பவன், உங்கள் வகுப்புகளில் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆங்கிலச் சொற்பட்டியல் அவர்களுக்குப் போதாது.

அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ரவுட்டர், சர்வர், ஃபயர்வால், மால்வேர் என்று எல்லாம் பொருள்களின் பெயர்கள். இவை எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? வைஃபை நின்றுபோனால் வீட்டில் பாட்டியே "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்கிறார். பிள்ளைகள் தடுமாறுவது வினைகளிலும், அவற்றுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொற்களிலும்தான்.

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சாதனத்தில் இன்டர்ஃபேஸ்களின், அதாவது கேபிள் செருகும் முனைகளின், நிலையைப் பார்த்தால் ஒரு வரியில் 'டவுன்' என்றிருக்கும், இன்னொரு வரியில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றிருக்கும். முதலாவது என்றால் கேபிளையோ மறுமுனையில் உள்ள சாதனத்தையோ பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் கட்டளை மூலமாகவே அது மூடப்பட்டிருக்கிறது. கேபிளை எத்தனை தடவை மாற்றினாலும் உயிர் வராது. நீளமான சொல்லைத் தாவிவிட்டு 'டவுன்' மட்டும் படிக்கிற பிள்ளை ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. சரி, திறக்கும் கட்டளையாவது நேராக இருக்கிறதா? 'நோ ஷட்டவுன்'. மூடாதே என்று சொல்லித் திறக்கிறோம்!

இதேபோல 'கனெக்‌ஷன் ரெஃபியூஸ்ட்', 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' இரண்டையும் 'கனெக்‌ஷன் கிடைக்கவில்லை' என்று ஒரே மாதிரி புரிந்துகொள்கிறார்கள். ரெஃபியூஸ்ட் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருக்கிறது, அந்தப் பதில் மறுப்பு. பெரும்பாலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், நாம் தட்டிய போர்ட்டில்தான் (சேவைக்கான வாசல் எண்) எந்தச் சேவையும் இருக்காது. டைம்ட் அவுட் என்றால் பதிலே இல்லை. இயந்திரம் அணைந்திருக்கலாம், வழியில் ஒரு ஃபயர்வால், எதை விடலாம் எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் காவல், நாம் அனுப்பிய பாக்கெட்டை (தகவல் துண்டை) சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். அப்புறம் அந்த ஃபயர்வாலுக்குப் போனால் அங்கே தடுப்பதற்கு 'ரிஜெக்ட்', 'டிராப்' என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ரிஜெக்ட் மறுப்புச் செய்தி அனுப்பும், டிராப் வாயே திறக்காது. இந்த நான்கு சொற்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற பிள்ளை, கோளாறு எந்தப் பக்கம் என்று நாற்காலியை விட்டு எழாமலே பாதி கண்டுபிடித்துவிடும். யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று சொல்லும் அக்சஸ் லிஸ்ட்டின் கடைசியில் எழுதப்படாமலே நிற்கும் 'இம்ப்ளிசிட் டினை' (சொல்லாமலே மறுப்பது) விதியும் இப்படித்தான். இம்ப்ளிசிட் என்பது விளங்கவில்லை என்றால், திரையில் இல்லாத ஒரு விதி எப்படித் தடுக்கிறது என்பதும் விளங்காது.

தேர்வுக்கு வருவோம். செக்யூரிட்டி பிளஸ் என்ற சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வில் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். மலாயிலோ தமிழிலோ எழுத வழியில்லை. ஒரு கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மால்வேர்) புகுந்துவிட்டது, தொழில்நுட்பர் 'ஃபர்ஸ்ட்' என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பது, பேக்கப்பிலிருந்து மீட்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று விடைகள் இருக்கும். எல்லாமே செய்ய வேண்டியவைதான். ஃபர்ஸ்ட் என்ற சொல்தான் துண்டிப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. 'பெஸ்ட்' (மிகச் சிறந்தது), 'மோஸ்ட் லைக்லி' (பெரும்பாலும் இதுதான்) கேள்விகளும் அப்படியே. பாடம் தெரிந்தும் மதிப்பெண் போவது இங்கேதான்.

இது நம் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். இணையத் தரநிலைகளை எழுதும் பொறியாளர்களே 'மஸ்ட்' (கட்டாயம்), 'ஷுட்' (செய்வது நல்லது), 'மே' (விருப்பம்) ஆகிய சொற்களுக்கு என்ன பொருள் என்பதை வரையறுக்க, 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்று தனி ஆவணமே வெளியிட வேண்டியிருந்தது.

வேலையில் எழுதவும் வேண்டுமே. 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கும் மலேசியாவின் சைபர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளை நடத்தும் நிறுவனங்கள் சைபர் சம்பவம் நடந்தது தெரிந்ததும் அறிவிக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் முதல்கட்ட விவரங்களைத் தர வேண்டும். நள்ளிரவு ஷிஃப்டில் முதலில் லாக் (சாதனங்கள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) பார்ப்பது அனுபவசாலி அல்ல, புதிதாகச் சேர்ந்த பிள்ளை. 'அட்டெம்ப்டெட் லாகின்' (நுழைய முயற்சி) என்றிருப்பதை 'லாகின் ஆகிவிட்டார்கள்' என்று எழுதினால் மேலாளரின் தூக்கம் போகும். உள்ளே புகுந்துவிட்டதை வெறும் முயற்சி என்று எழுதினால் அந்த 6 மணி நேரமும் போகும்.

ஆங்கிலம் போதவில்லை என்றதும் சிலர் 'வகுப்பில் ஆங்கிலம் மட்டும்' என்று விதி போட்டுவிடுகிறீர்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஆறு ஆண்டு தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி வந்த பிள்ளை, அந்த விதி வந்ததும் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறது. 2003-இல் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு படிப்படியாகத் திருப்பிய கதை நமக்குத் தெரியும். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. திரையில் இருப்பது ஆங்கிலமாக இருக்கட்டும், அதைப் பற்றிய பேச்சு தமிழிலேயே நடக்கட்டும்.

நான் கேட்பது ஒவ்வொரு வகுப்பிலும் அரை மணி நேரம். உண்மையான பிழைச் செய்திகளையும் லாக் வரிகளையும் திரையில் போட்டு, சொல் சொல்லாகப் படிக்க வையுங்கள். என்ன நடந்தது, எப்போது, இப்போது என்ன நிலை என்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுத வையுங்கள். இலக்கணப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், பொருள் பிழையை மட்டும் விடாதீர்கள்.

இதற்காக வீட்டிலுள்ள பழைய சாதனங்களில் நானே உருவாக்கிய திரைப்பதிவுகள் கைவசம் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் விவரமும் அவற்றில் இல்லை. கேட்டால் தருகிறேன். முதல் சில வகுப்புகளை நடத்தித் தரச் சொன்னாலும் வருகிறேன், சனிக்கிழமை மாலை என்றால் வசதி.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு நெட்வொர்க் தொழில்நுட்பர்